அமினோ அமிலத்தை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகுமா?

நீங்கள் கேட்டிருப்பது "அமினோ அமில வளர்சிதை மாற்றத்தைக் குறிவைத்துப் புற்றுநோயைக் குணப்படுத்த முடியுமா" என்று. புரதம் உடைந்தால் கிடைக்கும் துண்டுகள்தான் அமினோ அமிலம், உடம்பு அதைச் செய்வதும் செலவழிப்பதும்தான் வளர்சிதை மாற்றம். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் ஐந்தாறு வரியைப் படித்தால் உண்மையான கேள்வி வேறு. அம்மாவுக்கு 58 வயது, மார்பகப் புற்றுநோய், மூன்று கீமோ முடிந்திருக்கிறது. புரதத்தை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் சாகும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று வாரமாக முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டீர்கள். அரிசிக் கஞ்சியும் பழச்சாறும்தான் ஓடுகிறது. நாலு கிலோ இறங்கிவிட்டது, இது வைத்தியம் வேலை செய்வதன் அறிகுறியா என்கிறீர்கள். இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரியே ஒரு முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், மீதியை அப்புறம் உட்கார்ந்து படிக்கலாம்.

நான் குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கும் மருத்துவர். மார்பகப் புற்றுநோய் என் துறை இல்லை, உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டையும் நான் பார்க்கவில்லை, அதனால் அவருடைய கீமோவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தைப் பிடுங்கிப் புற்றுநோயைச் சாகடிக்கிற வேலையை எங்கள் வார்டில் வாராவாரம் செய்துகொண்டிருக்கிறோம். அந்த வகையில் எது நிச்சயம், எது ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டவில்லை, எது வெறும் கதை என்று பிரித்துச் சொல்ல முடியும். வீடியோக்காரர் முழுப் பொய் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். பாதி உண்மை சொல்லியிருக்கிறார், அதுதான் தொல்லை.

உண்மையான பாதி கினிப்பன்றியிலிருந்து தொடங்குகிறது. 1953-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஜான் கிட் என்பவர் எலிகளுக்கு வந்த லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டிகளைக் கரைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துச் சோதனைகளில் எதிர்ப்புச் சீரம் (சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கும் தெளிநீர்) ஒன்றைச் செலுத்தும்போது துணைக்குக் கினிப்பன்றியின் சீரத்தையும் சேர்ப்பது வழக்கம். பார்த்தால், துணைக்குப் போன வெறும் கினிப்பன்றி சீரமே கட்டியைக் கரைத்துவிட்டது. குதிரை, முயல் சீரத்துக்கு அந்தச் சக்தி இல்லை. ஏன் என்று எட்டு வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. 1961-ல் ஜான் புரூம் என்பவர் பழைய தாள்களைப் புரட்டி, கிளமென்டி என்ற இத்தாலியர் 1922-லேயே எழுதிவைத்த ஒரு விஷயத்தைக் கொண்டுவந்து இதனுடன் முடிச்சுப் போட்டார்: கினிப்பன்றியின் ரத்தத்தில் ஆஸ்பராஜினேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது, மற்ற பிராணிகளிடம் அது இல்லை. அந்த நொதி ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அஸ்பார்டிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் உடைத்துவிடும். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க அத்தனை கினிப்பன்றிக்கு எங்கே போவது? 1964-ல் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்த அதே வகை நொதியும் கட்டியைக் கரைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வழி திறந்தது. அமெரிக்காவில் 1978-ல் அனுமதி கிடைத்தது. இன்று ஏ.எல்.எல். என்று நாங்கள் சொல்லும் குழந்தைகளின் தீவிர ரத்தப் புற்றுநோயில், வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்றால் அந்தக் கூட்டு மருந்துகளில் ஆஸ்பராஜினேஸுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இது நிச்சயமான விஷயம். இருபத்தைந்து வாரத்துக்கு மேல் இந்த மருந்தைத் தாங்கிய குழந்தைகளில் 90 சதவீதம் பேர் ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள், பக்க விளைவால் முன்பே நிறுத்த வேண்டி வந்தவர்களில் 73 சதவீதம் பேர்தான் என்று பாஸ்டனில் டேனா-ஃபார்பர் மருத்துவர்கள் நடத்திய ஒரு ஆய்வு காட்டியது. எங்கள் வார்டில் ஒரு ஊசி தள்ளிப்போனாலே நாங்கள் ஏன் பதறுகிறோம் என்பதற்கு அந்த எண்கள் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெற்றோர்களிடம் நான் ஹாஸ்டல் கதையாகச் சொல்வேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், ஏனென்றால் வீடியோ வழுக்கி விழுந்த இடம் இதுதான். உடம்பின் சாதாரண செல் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய ஆஸ்பராஜினைத் தானே சமைத்துக்கொள்ளும், அதற்கான அடுப்பு அதனிடமே இருக்கிறது. ஆஸ்பராஜின் சிந்தடேஸ் என்று அந்த அடுப்புக்குப் பெயர். ஏ.எல்.எல். செல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அடுப்பு சரியாக எரியாது, ரத்தம் என்ற மெஸ்ஸில் கிடைப்பதைச் சாப்பிட்டுத்தான் வாழ்கின்றன. ஆஸ்பராஜினேஸ் ஊசி போட்டால் மெஸ்ஸை இழுத்து மூடியதுபோல. சமைக்கத் தெரிந்தவன் அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வான், தெரியாதவன் சுருண்டு விழுவான். ஆக, ஒரு புற்றுநோய் எதை விரும்பிச் சாப்பிடுகிறது என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எதைத் தானே சமைத்துக்கொள்ள முடியாது என்று தெரிய வேண்டும். வீடியோவில் "புற்றுநோய் அமினோ அமிலத்தைத் தின்று வளர்கிறது" என்று சொல்கிறார்கள். சரி, தின்கிறதுதான். உங்கள் மூளை செல்லும் தின்கிறது, முடி வேரும் தின்கிறது.

நானே எளிமையாக்கிச் சொன்ன இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பு எவ்வளவு பலவீனமோ அவ்வளவு நன்றாக மருந்து கேட்கும் என்று கணக்குப் போட்டால் நோயாளிகளிடம் அது அப்படியே வருவதில்லை. அடுப்பு நன்றாக எரிகிற சில லுக்கேமியாவும், அதாவது ரத்தப் புற்றுநோயும், கரைகிறது. இந்த மருந்து ஆஸ்பராஜினோடு குளூட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தையும் கொஞ்சம் உடைக்கும், அந்த இரண்டாவது வேலை நன்மையா தொந்தரவா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜையில் பக்கத்து வீட்டுச் செல்கள் லுக்கேமியா செல்லுக்கு ரகசியமாக ஆஸ்பராஜின் கொடுத்து உதவுகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள், நோயாளிக்குள் அது எவ்வளவு முக்கியம் என்பது தீர்ந்த விஷயம் அல்ல. ஐம்பது வருடத்துக்கு மேல் பழகிய மருந்தே இப்படி. நேற்று வந்த வீடியோ அத்தனை தெளிவாகப் பேசுவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இப்போது உங்களுக்கு முக்கியமான இடம். ஆஸ்பராஜினைத் துடைத்தெடுக்க இவ்வளவு பாடுபடும் எங்கள் வார்டில், அந்தக் குழந்தைகளுக்கு என்ன சாப்பாடு என்று நினைக்கிறீர்கள்? முட்டை, பருப்பு, பால், கோழி, எல்லாம்தான். கணையம் வீங்கினாலோ ரத்தத்தில் கொழுப்பு எகிறினாலோ எண்ணெயைக் குறைப்போம், அவ்வளவுதான். கூடவே ஸ்டீராய்டும் ஓடுவதால் பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தோசை கேட்டு அழும், அம்மாக்கள் பிளாஸ்கில் எதையாவது வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், நாங்கள் தடுப்பதே இல்லை. ஏனென்றால் சாப்பாட்டிலிருந்து வரும் ஆஸ்பராஜின் ரத்தத்துக்குள் வந்த கையோடு அந்த நொதி அதை உடைத்துவிடும். வாசலில் காவல்காரன் நிற்கும்போது தட்டில் என்ன இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. அதே சமயம் காவல்காரன் இல்லாமல் தட்டை மட்டும் காலி செய்தால் ஒன்றும் நடக்காது. ஆஸ்பராஜின் நம் உடம்பே செய்துகொள்ளும் அமினோ அமிலம், நீங்கள் சாப்பிடாவிட்டாலும் உடம்பு செய்து ரத்தத்தில் விட்டுவிடும்.

அதைவிடப் பெரிய காரணம் தசை. உடம்பில் அமினோ அமிலத்தின் கிடங்கு அதுதான். வாய்வழியாகப் புரதம் வரவில்லை என்றால் உடம்பு தொடையையும் தோளையும் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும், ரத்தத்தில் இருக்கும் அளவு பெரிதாகக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும். புற்றுநோய் செல் தன் பங்கை அந்த ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். சில கட்டிகள் இன்னும் கெட்டிக்காரர்கள்: கணையப் புற்றுநோய் செல்கள் ரத்தத்தில் மிதக்கும் ஆல்புமின் புரதத்தை அப்படியே விழுங்கி உள்ளே வைத்து உடைத்துக்கொள்கின்றன என்று 2013-ல் காட்டினார்கள். உங்கள் அம்மா இழந்த நாலு கிலோவில் கட்டியின் எடை என்று ஒன்றும் இருக்காது. கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் தண்ணீர், மீதி தசை. தசை போனால் கீமோவின் பக்க விளைவு கூடும், டோஸைக் குறைக்கவோ தேதியைத் தள்ளவோ நேரும். அப்படித் தள்ளிப்போகும் கீமோவால் லாபம் கட்டிக்குத்தான்.

ஒரு அமினோ அமிலத்தை உண்மையிலேயே ரத்தத்திலிருந்து துடைத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், அதைச் சொல்லாமல் போனால் நானும் வீடியோக்காரர் மாதிரி ஆகிவிடுவேன். ஆஸ்பராஜின் போனதும் கல்லீரல் புரதம் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். ரத்தம் உறைவதற்கான புரதமும் குறையும், உறையாமல் காக்கும் புரதமும் குறையும், தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூளையின் சிரைக்குள் ரத்தம் கட்டி வலிப்போடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மருந்து ஓடும்போது குழந்தை தலைவலி என்றால் அதை நாங்கள் வெறும் தலைவலியாக எடுத்துக்கொள்ள மாட்டோம். கணைய அழற்சி வரும், சர்க்கரை ஏறும். சில சமயம் சோதனைக்கு எடுத்த ரத்தம் குழாயில் தெளிந்து நிற்கும்போது மேலே தேங்காய்ப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அத்தனை கொழுப்பு. பாக்டீரியா புரதம் என்பதால் ஒவ்வாமை வேறு. ஒவ்வாமையே வெளியில் தெரியாமல், உடம்பு சத்தமில்லாமல் எதிர்ப்பொருள் செய்து மருந்தை முறித்துவிடுவதும் உண்டு. ஊசி போட்டுக்கொண்டே இருப்போம், உள்ளே ஒன்றும் நடக்காது. வசதியுள்ள இடங்களில் ரத்தத்தில் நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆஸ்பராஜினையே நேராக அளப்பது சிரமம், ஏனென்றால் ரத்தத்தைக் குழாயில் எடுத்த பிறகும் நொதி அதற்குள் இருந்துகொண்டு ஆஸ்பராஜினை உடைத்துக்கொண்டே இருக்கும். மருந்தை உடம்பில் நீண்ட நாள் தங்கவைக்கப் பெக் என்ற ஒரு பொருளைப் போர்த்தி 1994-லிருந்து கொடுக்கிறார்கள், ஒவ்வாமை வந்தவர்களுக்கு எர்வினியா என்ற வேறொரு பாக்டீரியாவின் நொதி இருக்கிறது. இத்தனையும் ஒரே ஒரு அமினோ அமிலத்துக்காக. பழச்சாற்றால் இதைச் செய்யலாம் என்றால் நான் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பேன்.

சரி, ரத்தப் புற்றுநோயில் பலித்தது மற்ற புற்றுநோய்களில் பலிக்குமா? பலிக்க வைக்க நிறையப் பேர் முயன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் தோல்வி. இதே ஆஸ்பராஜினேஸை சிவப்பணுக்களுக்குள் அடைத்துக் கணையப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2021-ல் ஆயுளைக் கூட்டாமல் முடிந்தது. குளூட்டமின் கதை இன்னும் வருத்தமானது. ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் அமினோ அமிலம் அதுதான், கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய் செல்லுக்கு அது இல்லாமல் முடியாது என்று 1950களிலிருந்து தெரியும். அதை உடைத்துப் பயன்படுத்தவிடாமல் தடுக்க டெலாக்லெனாஸ்டாட் என்று ஒரு மாத்திரை செய்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய்க்கு வழக்கமான மருந்தோடு சேர்த்து 444 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சேர்த்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் 9.2 மாதம், சேர்க்காதவர்களுக்கு 9.3 மாதம். கண்ணாடித் தட்டில் நாம் ஊற்றும் ஊட்டநீர் மனித ரத்தம் மாதிரி இருப்பதில்லை, அதிலிருக்கும் மிகுதியான சிஸ்டின் என்ற வேறொரு அமினோ அமிலம்தான் செல்களைக் குளூட்டமினுக்கு அடிமையாக்குகிறது என்று ஒரு விளக்கம் பிறகு வந்தது, எனக்கு அது நியாயமாகப் படுகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் வழியைக் குறிவைத்த எபகாடோஸ்டாட் மாத்திரைக்கும் அதே கதிதான், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள எழுநூறு பேரிடம் சோதித்து 2018-ல் பயனில்லை என்று கைவிட்டார்கள். அந்த வருடம் வரை மாநாடுகளில் அந்த மருந்தைப் பற்றிப் பேசியவர்களின் நம்பிக்கையைக் கேட்டிருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள், நானும் நம்பினேன்.

நம்பிக்கை தரும் ஒன்று ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். சில புற்றுநோய்கள் ஆர்ஜினின் சமைக்கும் அடுப்பை, அதாவது ஏ.எஸ்.எஸ்.1 என்ற நொதியை, அணைத்துவிடுகின்றன. ஆர்ஜினினை உடைக்க மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியின் நொதிக்கு அதே பெக்கைப் போர்த்தி ஏடிஐ-பெக் 20 என்று ஒரு மருந்து செய்தார்கள். முதலில் கல்லீரல் புற்றுநோய்க்கு 635 பேரிடம் முயன்றார்கள், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள், 2018-ல் பலனில்லை என்று வந்தது. பிறகு ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவில், அதிலும் அந்த அடுப்பு அடிக்கடி அணைந்திருக்கும் ஒரு வகையில் மட்டும், கீமோவோடு சேர்த்து 249 பேருக்குக் கொடுத்தார்கள். சராசரி ஆயுள் 7.7 மாதத்திலிருந்து 9.3 மாதமானது என்று 2024-ல் வெளியானது, மூன்று வருடம் தாண்டியவர்கள் நான்கு மடங்கு. ஒன்றரை மாதம் என்பது வெளியே இருப்பவருக்குச் சின்னதாகத் தெரியும். அந்த நோயைத் தெரிந்தவர்களுக்கு அது சின்னதில்லை. இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் ஹாஸ்டல் கதையில் சொன்னதுதான் திரும்ப வருகிறது: சமைக்கத் தெரியாதவன் யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் பக்கமும் சுவாரசியமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தில் ஒன்று அல்லது கொஞ்சம் கூடுதலான புற்றுநோய்களில், கட்டியைத் தடுக்கும் ஒரு மரபணு அழியும்போது பக்கத்து வீட்டில் இருந்த எம்டாப் என்ற மரபணுவும் சேர்ந்து இடிந்துவிடுகிறது. அது மெத்தியோனினை மறுசுழற்சி செய்யும் மரபணு. அந்த இடிபாட்டில் குவியும் கழிவு வேறொரு நொதியைப் பாதி முடக்கிவைக்கிறது, மீதிப் பாதியையும் முடக்கும் மாத்திரைகள் இப்போது மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன. எனக்கு இதில் ஆவல் இருக்கிறது, ஆனால் எபகாடோஸ்டாட்டுக்குப் பிறகு முந்திக்கொண்டு கை தட்டுவதில்லை. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோயில், ஆர்ஜினினிலிருந்து ஆர்னிதின் என்ற பொருள் வழியாகப் போகும் பாதையை அடைக்கும் எஃப்ளோர்னிதின் மாத்திரைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் கொடுத்த பழைய மருந்து அது. ஆனால் அந்த அனுமதி, மாத்திரை சாப்பிட்டவர்களை வேறொரு ஆய்வில் இருந்த பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டுக் கிடைத்தது, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல. எங்கள் துறையில் பாதிப் பேர் ஏற்கிறார்கள், பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்கிற கட்சி.

உணவாலேயே செய்யலாம் என்பவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதற்கும் ஒரு மூலம் உண்டு. செரின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் இல்லாத உணவு கொடுத்த எலிகளில் சில கட்டிகள் மெதுவாக வளர்ந்தன என்று 2013-லும் 2017-லும் பிரிட்டனில் காட்டினார்கள். நல்ல ஆய்வுகள். செரின்தான் ஃபோலேட் என்ற வைட்டமின் வேலை செய்யும் வழிக்குக் கரியணு கொடுத்து டி.என்.ஏ. செய்ய உதவுகிறது. அதே வழியை வேறொரு இடத்தில் அடைக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எங்கள் வார்டில் வழக்கமாகக் கொடுக்கிறோம். அதன் முன்னோடி மருந்தை 1940களில் அமெரிக்காவில் உருவாக்கிய குழுவின் தலைவர் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், பலருக்குத் தெரியாத பெயர். விஷயத்துக்கு வருகிறேன். அந்த எலிகள் சாப்பிட்டது பருப்பில்லாத கஞ்சி அல்ல. மற்ற எல்லா அமினோ அமிலங்களையும் சுத்தமான பொடியாக அளந்து கலந்து, அந்த இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தயாரித்த உணவு. செரின் இல்லாத காய்கறியோ தானியமோ உலகத்தில் கிடையாது, மேலும் குளுக்கோஸிலிருந்தே உடம்பு செரின் செய்துகொள்ளும், நீங்கள் கொடுக்கும் கஞ்சியும் பழச்சாறும் அதற்குப் போதும். மெத்தியோனினோ உடம்பால் செய்ய முடியாதது என்பதால், விசேஷப் பொடி கொடுத்து அதன் அளவை மனிதர்களிடம் குறைக்க முடிந்திருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன ஆய்வில் நோயாளிகள் எடை இழந்தார்கள், கட்டி கரைந்தது என்று காட்ட முடியவில்லை.

உங்கள் வீடியோவில் மார்பகப் புற்றுநோயைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு மூலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2018 பிப்ரவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வந்தது: ஒரு வகை மார்பகப் புற்றுநோய் வைத்த எலிகளில் ஆஸ்பராஜினைக் குறைத்தால் நோய் நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. மார்பிலிருந்த கட்டி குறையவில்லை, பரவுவதுதான் குறைந்தது. அதற்கே ஆஸ்பராஜினேஸ் ஊசி, மரபணுவை அடக்குவது, விசேஷ உணவு என்று தனித்தனியாக முயன்றார்கள். மறுநாள் பத்திரிகைகள் "ஆஸ்பராகஸ் தின்றால் மார்பகப் புற்றுநோய் பரவும்" என்று தலைப்புப் போட்டன. அங்கிருந்து பால், முட்டை, மீன், பருப்பு எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறின. மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணுக்கு உணவில் ஆஸ்பராஜினைக் குறைத்ததால் பரவுவது நின்றது என்று காட்டிய ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. யாராவது காட்டினால் இந்தப் பதிலையே திருத்துவேன்.

இனி சாப்பாடு. புற்றுநோயாளிகளுக்கு ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர்களின் வழிகாட்டல் ஒரு கிலோ எடைக்குத் தினம் ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் என்கிறது. உங்கள் அம்மா 55 கிலோ என்று வைத்தால் 55 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம் 7, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, உள்ளங்கை அளவு மீன் துண்டு என்றால் 20 கிராம் என்று குத்துமதிப்பாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியை நிறுத்த வேண்டாம், அதில் பாசிப்பருப்பைப் போட்டு வேகவையுங்கள். வாய்ப்புண் இருந்தால் காரமில்லாத முட்டைப் பொரியலும் தயிர்சாதமும் இறங்கும். சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் மட்டும் இந்த அளவு பொருந்தாது, அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கீமோ நடக்கும்போது பச்சை முட்டை, அரைவேக்காடு, வெளியில் பிழிந்த சாறு வேண்டாம். அதற்குக் காரணம் அமினோ அமிலம் இல்லை, வெள்ளையணு குறைந்திருக்கும்போது வரும் தொற்று. அடுத்த முறை போகும்போது "மூன்று வாரம் புரதம் நிறுத்தியிருந்தோம், நாலு கிலோ குறைந்தது" என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். எடையை வைத்துத்தான் டோஸ் கணக்கிடுவார்கள், அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கடைசியாக, சித்தப்பா வாங்கிக் கொடுத்த தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தில் ஆஸ்பராஜின் இருக்குமே, நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர்விட்டானும் வெள்ளைக்காரர் சாப்பிடும் ஆஸ்பராகஸும் ஒரே குடும்பம்தான், 1806-ல் பிரான்சில் ஆஸ்பராஜினை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் ஆஸ்பராகஸ் சாற்றிலிருந்துதான், பெயரும் அப்படி வந்ததுதான். அந்த ஆஸ்பராஜினால் உங்கள் அம்மாவுக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஒரு தட்டுச் சோறு பருப்பில் அதைவிட அதிகம் இருக்கும். ஆனால் கீமோ முடியும் வரை லேகியத்தை நிறுத்தி வையுங்கள், அது வேறு காரணத்துக்காக: அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, கீமோ மருந்தைக் கல்லீரல் கையாள்வதில் அது எப்படிக் குறுக்கிடும் என்று அந்த டப்பாவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சித்தப்பாவிடம் சண்டை போட வேண்டாம், டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் மருத்துவரிடம் காட்டுங்கள்.